பன்றியின் நாக்கும் நுண்ணோக்கிக் கண்ணும்

பன்றியின் வாய்க்குள் கட்டையைக் கொடுத்துத் திறந்து, நாக்கை இறுக்கிப் பிடித்து வெளியே இழுத்து, அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஐரோப்பியச் சந்தைகளில் பல நூற்றாண்டுகள் நடந்த இறைச்சிப் பரிசோதனை இதுதான். நாக்கின் அடியில் சிறு பட்டாணிபோல வெளிறிய கொப்புளங்கள் தட்டுப்பட்டால் அது நோய்ப்பட்ட பன்றி. நல்ல விலைக்குப் போகாது. கி.மு. 424இல் ஏதென்ஸில் மேடையேறிய அரிஸ்டாஃபனீஸின் 'குதிரை வீரர்கள்' என்ற நகைச்சுவை நாடகத்திலேயே இந்தச் சோதனை பேச்சில் வருகிறது. அதைக் கேட்டுக் கூட்டம் சிரிக்க வேண்டுமென்றால், ஊரறிந்த வழக்கமாக அது இருந்திருக்க வேண்டும். இடைக்காலப் பாரிஸில் நாக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட அலுவலர்கள் இருந்தார்கள். விற்பவர்களும் சும்மா இருக்கவில்லை. சந்தைக்கு ஓட்டி வருமுன் கொப்புளங்களை ஊசியால் குத்தி நீரை வடித்துவிடுவார்கள். பிறகு தடவும் விரலுக்கு ஒன்றும் அகப்படாது. பரிசோதனைக்கு வயது எவ்வளவோ, அதை ஏய்க்கும் வித்தைக்கும் ஏறக்குறைய அவ்வளவு வயது.

கெட்ட இறைச்சியை விற்கக் கூடாது என்ற சட்டம் இல்லாத நாகரிகம் அரிது. அர்த்தசாஸ்திரம் இறைச்சிக்கூடத்துக்கென்று சூனாத்யட்சர் என்ற அதிகாரியை வைக்கிறது. தலையும் காலும் இல்லாத உடலையும், நாற்றமெடுத்த கறியையும், தானாகச் செத்த விலங்கின் கறியையும் விற்றால் 12 பணம் தண்டம் என்கிறது. தலையும் காலும் இருந்தால்தான் அது எந்த விலங்கு, என்ன நிலையில் இருந்தது என்று சொல்ல முடியும். அந்த விதியை எழுதியவர் கறிக்கடையை நன்றாகப் பார்த்தவராக இருக்க வேண்டும். இஸ்லாமிய நகரங்களில் முஹ்தசிப் என்ற சந்தைக் கண்காணிப்பாளர் கசாப்புக்காரர்களின் கத்தி, மேடை, எடைக்கல் எல்லாவற்றையும் பார்த்தார். 14ஆம் நூற்றாண்டு லண்டனில் அழுகிய இறைச்சி விற்றவரைத் தண்டனைக் கட்டையில் பூட்டி நிறுத்தி, அந்த இறைச்சியை அவர் மூக்குக்குக் கீழேயே கொளுத்தினார்கள். ஜெர்மானிய நகரமான ஆக்ஸ்பர்க்கின் 1276ஆம் ஆண்டு நகரச் சட்டம், மாடுகளைப் பொது அறுவைக்கூடத்தில்தான் வெட்ட வேண்டும் என்றது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் நம்பியிருந்தது கண்ணையும் மூக்கையும் விரலையும்தான். நாற்றம், நிறம், கொழகொழப்பு, கொப்புளம். ஒரு வீட்டுக்காரம்மா கறி வாங்கும்போது எதைப் பார்ப்பாரோ அதையேதான் அதிகாரியும் பார்த்தார். அவருக்கு அபராதம் போடும் உரிமை கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான். கொப்புளம் உள்ள கறியைத் தின்றால் என்ன ஆகும் என்பதுகூட யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அருவருப்பாக இருக்கிறது, அதனால் கூடாது என்ற அளவில்தான் விஷயம் இருந்தது.

அந்தக் கொப்புளத்தின் கதையை 1855இல் பிரீட்ரிக் கியூஹென்மைஸ்டர் என்ற ஜெர்மன் மருத்துவர் தெளிவாக்கினார். பன்றிக் கறியில் உள்ள கொப்புளம் மனிதர் குடலில் வளரும் நாடாப்புழுவின் இளம்பருவம் என்று அவர் கருதினார். மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதிக்கு, அவருக்குத் தெரியாமல், சூப்பிலும் சாசேஜிலும் அந்தக் கொப்புளங்களைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறியபின் உடலைத் திறந்து பார்த்தபோது குடலில் இளம் நாடாப்புழுக்கள் பற்றிக்கொண்டிருந்தன. சாகப்போகிறவரிடம்கூடக் கேட்காமல் செய்த இந்தச் சோதனை அன்றே கண்டனத்துக்கு உள்ளானது. கண்டித்தவர்கள் சொன்னது நியாயம். ஆனால் இறைச்சியில் இருக்கும் ஒன்று மனிதர் உடலுக்குள் போய் வேறொன்றாக வளர்கிறது என்பது அதோடு ஐயமின்றி நிலைபெற்றது.

கொப்புளமாவது கண்ணுக்குத் தெரியும். அடுத்து வந்த எதிரி அப்படிப்பட்டதல்ல.

1835இல் லண்டன் புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் முதலாண்டு மாணவராக இருந்த ஜேம்ஸ் பேஜட், பிணப் பரிசோதனை அறையில் ஒரு சடலத்தின் தசையில் மணல் தூவியதுபோன்ற வெண்புள்ளிகளைக் கண்டார். அறுக்கிற கத்தியின் முனையையே மழுக்கும் அளவுக்கு அவை கடினமாக இருந்தன. இதற்கு முன்பும் அந்த அறையில் இப்படிப்பட்ட தசையைப் பார்த்தவர்கள் உண்டு. எலும்புத் துணுக்கு என்று கடந்து போயிருந்தார்கள். பேஜட் நுண்ணோக்கி தேடிப் போய் அதன் கீழ் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு சிறு புழு சுருண்டு கிடந்தது. மூத்த உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன் அதற்கு 'டிரைக்கினா ஸ்பைராலிஸ்' என்று பெயர் வைத்தார்; இன்றைய பெயர் டிரைக்கினெல்லா. 1846இல் அமெரிக்காவில் ஜோசப் லெய்டி அதே புழுவைப் பன்றிக் கறியிலும் பார்த்தார். அப்போதும் இது ஒரு விசித்திரப் பொருளாகவே இருந்தது. இதனால் யாருக்கும் கெடுதல் வரும் என்று எவரும் நினைக்கவில்லை.

1860 ஜனவரியில் டிரெஸ்டன் மருத்துவமனையில் ஒரு பணிப்பெண் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், அசதி, தொட்டால் தாங்க முடியாத தசைவலி. டைபாய்டு என்று எழுதினார்கள். அந்த மாதமே அவர் இறந்தார். பிணத்தை ஆராய்ந்த பிரீட்ரிக் ஆல்பர்ட் ஸெங்கர் தசையில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, பார்வை வட்டம் முழுக்க இளம்புழுக்கள் இருந்தன. கூடு கட்டாமல், உயிரோடு, அப்போதுதான் தசைக்குள் நுழைந்தவை. குடலில் வளர்ந்த புழுக்களும் கிடைத்தன. ஸெங்கர் அதோடு நிற்கவில்லை. அந்தப் பெண் வேலை பார்த்த பண்ணையில் விசாரித்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கே பன்றி வெட்டியிருந்தார்கள். வெட்டிய கசாப்புக்காரருக்கும் வீட்டாருக்கும் உடம்புக்கு முடியாமல் போயிருந்தது. மிஞ்சி இருந்த ஹாமிலும் சாசேஜிலும் அதே புழு இருந்தது. பன்றி, தட்டு, நோயாளி, பிணம் என்று சங்கிலி முழுதும் ஒரே ஆராய்ச்சியில் கோக்கப்பட்டுவிட்டது.

புழுவின் வாழ்க்கை எளியது. கறியோடு வயிற்றுக்குள் போனதும் கூடு கரைந்து புழு வெளிவரும். ஓரிரு நாளில் குடலில் முழு வளர்ச்சி அடையும். ஒரு வாரத்துக்குள் பெண்புழு உயிருள்ள குஞ்சுகளைப் போடத் தொடங்கும், நூற்றுக்கணக்கில். அவை இரத்தத்தில் ஏறித் தசைகளுக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். முதலில் வயிற்றுப்போக்கு, பிறகு கண்ணைச் சுற்றி வீக்கம், காய்ச்சல், தசைவலி. புழு அதிகம் போயிருந்தால் இதயமோ மூச்சோ நின்று சாவு. எலிகளையும் செத்த உடல்களையும் தின்பதால் பன்றிக்கு இது தொற்றுகிறது. பன்றியோ கொழுகொழுவென்று இருக்கும். அதன் கறி சிவந்து, மணம் கெடாமல், தொட்டால் உறுதியாக இருக்கும். சூனாத்யட்சரும் நாக்குப் பார்ப்பவரும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து நின்று பார்த்தாலும் முதல் தரக் கறி என்றுதான் சொல்வார்கள்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில், குறிப்பாகப் பிரஷ்ய சாக்சனியில், பன்றிக் கொத்துக்கறியை உப்பும் மிளகும் சேர்த்து, அடுப்பில் வைக்காமல், ரொட்டியில் தடவித் தின்பது வழக்கம். இன்றும் அந்தப் பழக்கம் இருக்கிறது. 1863இல் ஹெட்ஸ்டெட் என்ற சிற்றூரில் 150க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள்; 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1865இல் ஹெடர்ஸ்லேபன் கிராமத்தில் நடந்தது அதைவிடக் கொடுமை. சுமார் 2,000 பேர் வாழ்ந்த ஊரில் 337 பேர் படுத்தார்கள். 101 பேர் இறந்தார்கள். நோயைத் தெரிந்துகொண்டாலும் மருத்துவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தசைக்குள் போய்விட்ட புழுவை எடுக்கும் மருந்து எதுவும் அன்று கிடையாது.

ஜெர்மனி கலங்கியது. கறிக்கடைகளில் பன்றிக் கறி வாங்க ஆளில்லை. பெர்லினில் இந்தப் புழுவைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்தவர் ருடால்ஃப் ஃபிர்கோ; உயிரணு நோயியலின் தந்தை, அதோடு பெர்லின் நகரமன்ற உறுப்பினர். பொதுமக்களுக்கென்றே டிரைக்கினாவைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஒவ்வொரு பன்றியையும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே விற்க வேண்டும் என்றார். கசாப்புக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இல்லாமல் இல்லை: எத்தனையோ ஆயிரம் பன்றிகளில் ஒன்றில் இருக்கும் புழுவுக்காக எல்லாப் பன்றிக்கும் கட்டணம், காத்திருப்பு, புழு இருந்துவிட்டால் முழுப் பன்றியும் போச்சு, நட்டம் வெட்டியவர் தலையில். 1865 இறுதியில் பெர்லினில் கசாப்புக்காரர்கள் கூடிய கூட்டத்தில் ஒரு கால்நடை மருத்துவர் எழுந்து, டிரைக்கினா தீங்கற்ற பூச்சி, மருத்துவர்கள் வீணாகக் கிளப்பும் பீதி இது என்று பேசினார். அப்படியானால் இதைத் தின்று காட்டுங்கள் என்று புழு உள்ள சாசேஜை நீட்டினார்கள். தயங்கினார். கூட்டம் விடவில்லை. ஒரு கடி கடித்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியேறினார்.

அதே ஆண்டில் பிஸ்மார்க் ஃபிர்கோவை இருவர் சண்டைக்கு அழைத்தார்; அது உண்மை. ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பயன்படுத்தி ஃபிர்கோ இரண்டு சாசேஜ்களை முன்வைத்தார், ஒன்றில் புழு இருந்தது, பிஸ்மார்க் பின்வாங்கினார் என்று இன்றுவரை சொல்லப்படுவதற்குச் சான்று இல்லை. அன்றைய ஜெர்மனியில் சாசேஜ் எவ்வளவு பெரிய பயமாக இருந்தது என்பதை வேண்டுமானால் அந்தக் கதையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

1860களிலேயே சில ஜெர்மன் அரசுகள் நுண்ணோக்கிப் பரிசோதனையைக் கட்டாயமாக்கத் தொடங்கின. 1870களின் முடிவுக்குள் பிரஷ்யாவின் பல பகுதிகளில் அது வந்துவிட்டது. உடனே எழுந்த கேள்வி: இத்தனை நுண்ணோக்கிகளுக்குப் பின்னால் யார் உட்காருவது? ஊருக்கு ஊர் கால்நடை மருத்துவர் கிடையாது. முடிதிருத்துபவர்கள், பள்ளி ஆசிரியர்கள், சிறு கைவினைஞர்கள் ஆகியோருக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, சான்று கொடுத்து 'டிரைக்கினா பார்ப்பவர்' ஆக்கினார்கள். சாதாரண மக்கள் கையில் பல்லாயிரம் நுண்ணோக்கிகள் போய்ச் சேர்ந்தது அறிவியல் வரலாற்றில் அதுவே முதல்முறையாக இருக்கலாம். பெரிய நகரங்களின் அறுவைக்கூடங்களில் பின்னர் பெண்கள் இந்த வேலைக்கு வந்தார்கள். வரிசையாக மேசை, மேசைக்கொரு நுண்ணோக்கி.

வேலை நுணுக்கமானது. புழு எல்லாத் தசையிலும் ஒரே அளவில் குடியேறுவதில்லை. ஓயாமல் அசையும் தசையை அது விரும்பும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே திரைபோல இருக்கும் உதரவிதானம், குறிப்பாக அது முதுகெலும்போடு சேரும் தடித்த தூண்கள், அதன் முதல் இடம். அங்கிருந்தும் நாக்கு, தாடை, விலா இடைத் தசைகளிலிருந்தும் துண்டு எடுப்பார்கள். வளைந்த சிறு கத்தரிக்கோலால், தசைநார் ஓடும் போக்கிலேயே, ஓட்ஸ் மணி அளவு துணுக்குகளாக நறுக்க வேண்டும். தடித்த இரண்டு கண்ணாடிப் பட்டைகள்; கீழ்ப்பட்டையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எண் எழுதியிருக்கும். கட்டத்துக்கு ஒரு துணுக்கு. மேல்பட்டையை வைத்து இரு முனையிலும் திருகை முடுக்கினால் கறி நசுங்கிப் படலமாகும். எவ்வளவு நசுக்குவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: கண்ணாடியைச் செய்தித்தாள் மேல் வைத்தால் அச்செழுத்து படிக்கும்படி தெரிய வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக, ஓரம்கூட விடாமல் நகர்த்திப் பார்க்க வேண்டும். தசைநார்கள் கோரைப்பாய்போல வரிவரியாகத் தெரியும். புழு இருந்தால் அந்த வரிகளுக்கு நடுவே எலுமிச்சை வடிவக் கூடும் அதற்குள் ஒரு சுருளும் தெரியும்.

ஒரு பன்றிக்குச் சில நிமிடங்கள். நாள் முழுக்கப் பார்த்தாலும் நூற்றில் ஒன்றல்ல, பல்லாயிரத்தில் ஒன்றில்தான் புழு கிடைக்கும். வாழ்நாள் முழுக்கப் பார்த்தும் ஒரு சுருளைக்கூடக் காணாதவர்கள் இருந்தார்கள். இதுதான் இந்த வேலையின் பெரிய ஆபத்து. எதிர்பார்க்காத கண் எதையும் பார்ப்பதில்லை. அதனால் ஒருவர் ஒரு நாளில் இத்தனை பன்றிக்கு மேல் பார்க்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுதேர்வும் வைத்தார்கள்.

இதைவிட ஆழமான ஓட்டை கூலியில் இருந்தது. சிற்றூரில் டிரைக்கினா பார்ப்பவருக்குச் சம்பளம் கிடையாது. பன்றிக்கு இவ்வளவு என்று கட்டணம். அதைக் கொடுப்பவர் கசாப்புக்காரர். நிறையக் குற்றம் கண்டுபிடிப்பவரை விட்டு, சீக்கிரம் முடித்துக் கொடுப்பவரைத் தேடிப் போக அவரால் முடிந்தது. யாரைச் சோதிக்க வேண்டுமோ அவரிடமே கூலி வாங்கும் ஏற்பாடு எந்த ஊரிலும் நேராக நடந்ததில்லை. 1883இல் எமர்ஸ்லேபனிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் மறுபடியும் கொள்ளைநோய்போல டிரைக்கினா தாக்கி 50க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கிராமத்து ஏற்பாடுகளின் பலவீனம் எல்லோர் கண்ணிலும் பட்டது.

கசாப்புக்காரர்களின் நட்டத்துக்கு வழி கண்டதும் முக்கியமான திருப்பம். பன்றிக்கு டிரைக்கினா காப்பீடு வந்தது. சிறு தொகை கட்டினால் புழு கண்ட பன்றியின் விலை கிடைக்கும். அதுவரை மறைப்பதில் இலாபம் இருந்தது. காப்பீடு வந்தபின் மறைக்க வேண்டிய அவசியம் குறைந்தது. பரிசோதனை வரலாற்றை எழுதுபவர்கள் நுண்ணோக்கிக்குக் கொடுக்கும் இடத்தை இதற்குக் கொடுப்பதில்லை, கொடுக்க வேண்டும்.

வெட்டுகிற இடம் சிதறிக் கிடந்தால் எவ்வளவு நேர்மையான பரிசோதகராலும் ஒன்றும் செய்ய முடியாது. கொல்லைப்புறத்திலும் முற்றத்திலும் நிலவறையிலும் நகரம் முழுக்க வெட்டு நடந்தது. இந்த வழக்கத்தை முதலில் பெரிய அளவில் மாற்றியது பாரிஸ். நெப்போலியன் 1810இல் ஆணையிட, 1818இல் நகர விளிம்பில் ஐந்து பொது அறுவைக்கூடங்கள் திறக்கப்பட்டன. இரத்தமும் நாற்றமும் தெருவைவிட்டுப் போக வேண்டும் என்பதே அங்கே முதல் நோக்கம். பிரஷ்யா 1868இல் இயற்றிய சட்டம் ஒரு படி மேலே போனது: நகராட்சி பொது அறுவைக்கூடம் கட்டினால், தனியார் கூடங்களை மூடி, எல்லோரும் அங்கேதான் வெட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம். ஃபிர்கோவின் நெடுநாள் வற்புறுத்தலுக்குப் பின், 1881 மார்ச்சில் பெர்லினின் மையக் கால்நடைச் சந்தையும் அறுவைக்கூடமும் திறந்தன. ரயில் தண்டவாளம் உள்ளேயே வந்தது. விலங்கு வண்டியிலிருந்து இறங்கும்போது ஒரு கால்நடை மருத்துவர் பார்த்தார். வெட்டியபின் குடல், நுரையீரல், ஈரல், நிணக்கணுக்கள் அந்தந்த உடலோடு சேர்த்துத் தொங்கவிடப்பட்டு மறுபடியும் பார்க்கப்பட்டன. துண்டு நுண்ணோக்கி அறைக்குப் போனது. முடிவு வரும்வரை உடல் வெளியே போகாது. பார்ப்பவருக்கு நகராட்சி கூலி கொடுத்தது. சென்னையில் ஆட்டுத்தொட்டி என்று மக்கள் சொல்லும் பொதுக்கூட ஏற்பாட்டில், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் பார்த்து முத்திரை குத்தும் வழக்கம் இந்த வகை ஏற்பாட்டைச் சேர்ந்ததுதான்.

இதற்கிடையே அந்தப் புழு அரசியலிலும் புகுந்தது. அமெரிக்காவிலிருந்து மலிவான பன்றிக் கறி கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்தது. அதில் டிரைக்கினா இருக்கிறது என்று இத்தாலி 1879இலும் பிரான்ஸ் 1881இலும் தடை விதித்தன. ஜெர்மனி 1880இல் ஒரு பகுதியையும் 1883இல் முழுவதையும் தடுத்தது. புழு இருந்தது உண்மை. உள்நாட்டுப் பண்ணையாளர்களைக் காப்பதும் நோக்கமாக இருந்தது என்பதும் உண்மை. தடையை நீக்க வைக்க 1890, 1891 ஆண்டுகளில் அமெரிக்கா இறைச்சிப் பரிசோதனைச் சட்டங்களை இயற்றியது. சிகாகோவின் பெரும் இறைச்சி ஆலைகளில் பெண்கள் நுண்ணோக்கிகளின் முன் அமர்த்தப்பட்டார்கள். 1891இலேயே ஜெர்மனி தடையை நீக்கியது. வேதனை என்னவென்றால், நுண்ணோக்கி பார்த்தது ஏற்றுமதிப் பன்றியை மட்டுமே. ஜெர்மானியர் தின்னும் கறியில் புழு தேடினார்கள். அமெரிக்கர் தின்னும் கறியில் தேடவில்லை.

மாட்டுக் கறியின் பிரச்சினை வேறு. 1882இல் ராபர்ட் கோஹ் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தபின், காசநோய் கண்ட மாட்டின் கறியை என்ன செய்வது என்று எல்லா நாட்டிலும் சண்டை. நுரையீரலில் மட்டும் கட்டி இருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு மீதியை விற்கலாமா? 1889இல் கிளாஸ்கோவில் இரண்டு மாடுகளின் உடல்களைச் சுகாதார அதிகாரிகள் கைப்பற்ற, கசாப்புக்காரர்கள் வழக்காடினார்கள். நகரின் மருத்துவர்களும் கால்நடை மருத்துவர்களும் இரு பக்கமும் பிரிந்து நின்று சாட்சி சொன்னார்கள். இரண்டு உடல்களையும் முழுதாக அழிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கோஹே 1901இல் லண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோய் மனிதருக்கு அநேகமாகப் பரவாது என்று சொல்லிக் குழப்பினார். அதை ஆராய அமைந்த பிரிட்டிஷ் அரச ஆணையம் பத்தாண்டு உழைத்து 1911இல், அது மனிதருக்கு, குறிப்பாகப் பால் குடிக்கும் குழந்தைகளுக்குப் பரவுகிறது என்று நிறுவியது.

ஒரு நோய்க்கு ஒரு விதி என்று போய்க்கொண்டிருந்ததை ஒரே ஏற்பாடாகத் திரட்டியவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஃபான் ஓஸ்டர்டாக். 1892இல் அவர் எழுதிய இறைச்சிப் பரிசோதனைக் கையேடு உலகெங்கும் பாடநூலானது. ஜெர்மனி முழுவதற்குமான சட்டம் 1900 ஜூன் 3இல் வந்து, 1903இல் நடைமுறைக்கு வந்தது. மாடு, பன்றி, ஆடு, குதிரை எதுவானாலும் வெட்டுமுன் ஒருமுறை, வெட்டியபின் ஒருமுறை பார்க்க வேண்டும். தீர்ப்பு முத்திரையாக உடலில் விழுந்தது: வட்டம் என்றால் நல்லது, முக்கோணம் என்றால் உணவுக்கு ஆகாது, சதுரம் என்றால் வேகவைத்தோ வேறு வகையில் பதப்படுத்தியோதான் விற்கலாம். படிக்கத் தெரியாதவருக்கும் வடிவம் புரியும்.

தீங்கில்லை, ஆனால் தரம் குறைவு என்ற கறிக்குத் தனிக்கடை இருந்தது. ஃபிரைபாங்க் என்ற அந்தக் கடை இடைக்காலத்திலிருந்தே ஜெர்மன் நகரங்களில் உண்டு. இன்ன குறை என்று வெளிப்படையாகச் சொல்லி, மலிவாக, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் விற்பார்கள். ஏழைகள் அங்கே வரிசையில் நின்றார்கள். ஏழைக்கு மட்டம்தான் கிடைக்குமா என்ற கேள்வி அதில் இருக்கிறது. ஆனால் குறையை மறைத்து முழு விலைக்கு விற்பதைவிட இது மானமுள்ள ஏற்பாடு. அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீடித்தது.

1906இல் அமெரிக்காவின் முறை வந்தது. அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் சிகாகோ இறைச்சி ஆலைகளின் உள்ளே நடப்பதைக் காட்டியது. தொழிலாளர் படும் பாட்டை எழுத நினைத்தவர் அவர். படித்தவர்களோ தங்கள் தட்டில் இருக்கும் கறியை எண்ணிக் குமட்டினார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் சார்ல்ஸ் நீல், ஜேம்ஸ் ரெய்னால்ட்ஸ் என்ற இருவரை அனுப்பி நேரில் பார்த்துவரச் செய்தார். அவர்கள் அறிக்கையின் பலத்தில் ஜூன் 30இல் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் நிறைவேறியது. நாடாளுமன்றத்தில் கடுமையாக வாதிட்ட கேள்வி இங்கேயும் கூலி பற்றியதுதான்: பரிசோதனைச் செலவை ஆலைகள் கட்டணமாகக் கொடுப்பதா, அரசுக் கருவூலம் ஏற்பதா? ஆண்டுக்கு 30 லட்சம் டாலரைக் கருவூலமே கொடுக்கும் என்று முடிவானது.

ஆனால் அதே ஆண்டில் அமெரிக்கா டிரைக்கினா நுண்ணோக்கிச் சோதனையை நிறுத்திவிட்டது. முத்திரை இருக்கிறதே என்று நம்பி மக்கள் சரியாக வேகவைக்காமல் விடுவார்கள், அதைவிட நன்றாக வேகவையுங்கள் என்று சொல்வதே மேல் என்பது காரணம். கேட்க அறிவார்ந்த வாதம்தான். சுமார் 58 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இந்தப் புழு செத்துவிடும். ஆனால் பொறுப்பு முழுவதும் அடுப்படிக்குத் தள்ளப்பட்டது. 1930களின் பிற்பகுதியில் தொடங்கி அமெரிக்க மருத்துவமனைகளில் இறந்தவர்களின் உதரவிதானங்களைப் பரவலாகச் சோதித்தபோது, ஏறக்குறைய ஆறில் ஒருவர் தசையில் டிரைக்கினா இருந்தது. கண்டுகொள்ளாமல் விட்ட முப்பது ஆண்டுகள் அந்த எண்ணிக்கையில் தெரிகின்றன. பிறகு அதைக் குறைத்தது பன்றித் தீவனம். 1950களின் தொடக்கத்தில் பன்றிகளிடையே வேறொரு கொப்புள நோய் பரவ, எச்சிலுணவையும் கழிவையும் காய்ச்சாமல் பன்றிக்குப் போடக் கூடாது என்று மாநிலங்கள் சட்டம் போட்டன. பன்றியைக் காக்க வந்த சட்டம் மனிதரையும் காத்தது. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியும் கை கொடுத்தது: மெல்லிய கறித்துண்டை மைனஸ் 15 டிகிரியில் 20 நாள் வைத்தால் பன்றியில் இருக்கும் வகைப் புழு செத்துவிடும்.

ஜெர்மனியில் நுண்ணோக்கி நூறாண்டுக்கு மேல் நின்றது. இன்று ஐரோப்பிய அறுவைக்கூடங்களில் கண்ணாடிப் பட்டைகளின் இடத்தில் ஒரு குடுவை இருக்கிறது. 100 பன்றிகளின் உதரவிதானத்திலிருந்து பன்றிக்கு ஒரு கிராம் எடுத்து, ஒன்றாக அரைத்து, பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த வெந்நீரில் கலக்குவார்கள். வெப்பம் 44 முதல் 46 டிகிரி. சுமார் அரை மணி நேரத்தில், மனித வயிறு செய்வதையே குடுவை செய்துவிடும்: கறி கரையும், கூடு கரையும், புழு மட்டும் மிஞ்சும். சல்லடையில் வடித்து, அடியில் தங்கியதைக் கோடிட்ட தட்டில் ஊற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒரே ஒரு சுருள் தெரிந்தாலும், குளிர் அறையில் தொங்கும் அந்த 100 உடல்களுக்கும் திரும்பிப் போய், குழுவைச் சிறிது சிறிதாகப் பிரித்து, மறுபடி கறி எடுத்து, எந்தப் பன்றியின் புழு அது என்று எண்ணைக் கண்டுபிடிக்கும்வரை மற்ற உடல்களும் வெளியே போகா.